நம்ம ஆளா, வேற ஆளா?

நடுவர் அவர்களே, நாத்திகர்மீது ஊருக்கு வரும் சந்தேகத்துக்குக் காரணம் மத போதனையா, கூட்ட மனப்பான்மையா? கூட்ட மனப்பான்மைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கைத் துணைக்கு அழைத்தார். சகிப்புத்தன்மை பற்றி 1689-இல் வெளியான கடிதத்தில், கடவுளை மறுப்பவரின் சத்தியமும் வாக்குறுதியும் செல்லாது என்று லாக் எழுதியது உண்மைதான். ஆனால் அதே இடத்தில் இன்னொருவரையும் அவர் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறார். கிறிஸ்தவ அரசனின் குடிமகனாக இருந்துகொண்டு, கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருக்கும் முஃப்தி என்ற இஸ்லாமிய மார்க்கத் தலைவர் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் முஸ்லிம்! அவரிடம் கடவுள் நம்பிக்கைக்கு என்ன குறை? ஒரு சண்டை வந்தால் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதுதான் லாக்கின் கவலை.

இன்னும் பின்னால் போவோம். இரண்டாம் நூற்றாண்டு, இன்றைய துருக்கியில் உள்ள ஸ்மிர்னா நகரத்து அரங்கம். “நாத்திகர்கள் ஒழிக, பாலிகார்ப்பைத் தேடிப் பிடியுங்கள்” என்று கூட்டம் கத்துகிறது. யார் இந்த பாலிகார்ப்? தள்ளாத வயதுக் கிறிஸ்தவ ஆயர்! பிடித்து வந்ததும், “நாத்திகர்கள் ஒழிக என்று நீயே சொல்” என்கிறார் ரோமானிய ஆளுநர். முதியவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கையை வீசி, வானத்தை அண்ணாந்து பார்த்து, அதே வார்த்தைகளைச் சொல்கிறார். அவர் இறந்த வரலாற்றைச் சொல்லும் பழைய நிருபம் இப்படித்தான் சொல்கிறது. இரண்டு பக்கமும் சாமி கும்பிடுகிறவர்கள்தான், நடுவர் அவர்களே. எங்களோடு சேர்ந்து கும்பிடவில்லை என்பதுதான் அங்கே குற்றம்.

மதத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூட்டத்துக்குக் கொடியும் அடையாளமும் கொடுத்தது அதுதான். ஆனால் போதனைதான் வேர் என்றால், அமெரிக்காவில் நடந்ததை எப்படி விளக்குவது? தகுதியுள்ள நாத்திகர் அதிபர் தேர்தலில் நின்றால் ஓட்டுப் போடுவீர்களா என்ற காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்புக்கு, 1958-இல் 18 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். 2019-இல் 60 சதவீதம். இடையில் வேதம் மாறவில்லையே! பக்கத்து வீட்டில், சொந்தக் குடும்பத்தில் நாத்திகர் இருப்பது தெரிந்தபோது, அந்நியர் நம்மவர் ஆனார் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, கடைசியாக ஒன்று. 13 நாடுகளில் 3,000-க்கும் அதிகமானோரிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு கொலைகாரனை விவரித்து, அவன் யாராக இருப்பான் என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். நாத்திகனாக இருக்கும் என்ற எண்ணம்தான் அதிகம் எழுந்தது, நாத்திகர்கள் மனத்திலும்கூட! மத போதனைதான் காரணம் என்றால், அதை உதறியவர்களிடம் இந்தச் சந்தேகம் எப்படித் தங்கியது? எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருகிறவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.