தமிழ்த் தலைப்பு வந்தால் மட்டும் 404 ஏன்?

வணக்கம். போன காணொளிக்குக் கீழே அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. "அண்ணாச்சி, எங்கள் ஊர்த் தகவல் தளத்தை ஜாங்கோ 1.11-லிருந்து 4.2-க்கு மாற்றினேன். ஆங்கிலத் தலைப்புள்ள பக்கமெல்லாம் திறக்கிறது. தமிழ்த் தலைப்பு வந்தால் மட்டும் 404. ஏன்?"

ஜாங்கோ என்பது பைத்தானில் இணையதளம் கட்டும் மென்பொருள்; 404 என்றால் 'அந்தப் பக்கம் இல்லை' என்ற பதில். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும் கோப்பைத் தம்பி அனுப்பினார், பார்த்தேன். பழைய 'யுஆர்எல்' ஃபங்ஷனை 4.0-லேயே எடுத்துவிட்டார்கள். அதனால் இவர் எல்லா வரியையும் 'பாத்' என்று திருத்தி, தலைப்பு வரும் இடத்தில் 'ஸ்லக்' என்ற வகையைப் போட்டிருக்கிறார். சிக்கல் அங்கேதான். ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு, அடிக்கோடு, இவ்வளவைத்தான் அந்த ஸ்லக் உள்ளே விடும். பழைய வரியிலோ சாய்கோடு தவிர எது வேண்டுமானாலும் வரலாம் என்று இருந்தது. ஸ்லக் இருக்கும் இடத்தில் 'எஸ்டிஆர்' (str) என்று போடுங்கள், அதுவும் சாய்கோடு தவிர எதையும் உள்ளே விடும், பக்கம் திறந்துவிடும்.

இவர் பட்டியல் பக்கத்தில் இணைப்புகளைக் கையால் எழுதியிருக்கிறார். டெம்ப்ளேட்டில், அதாவது பக்கத்தின் அச்சில், முகவரியைத் தானே உருவாக்கும் யுஆர்எல் டேக் போட்டிருந்தால் அந்தப் பக்கமே 'நோ ரிவர்ஸ் மேட்ச்' (பொருந்தும் முகவரி இல்லை) என்று முதல் நாளே நின்றிருக்கும், அன்றே பிடிபட்டிருக்கும்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்: வெர்ஷன் ஏற்றுகிற நாளில் முகவரியை அழகுபடுத்தாதீர்கள். முதலில் 'ரீ-பாத்' போட்டுப் பழைய ரெகுலர் எக்ஸ்பிரஷனை, அதாவது எந்த எழுத்துகள் வரலாம் என்று சொல்லும் வடிவத்தை, அப்படியே வையுங்கள். எல்லாம் ஓடிய பிறகு அழகு பார்க்கலாம்.

அப்புறம், தலைப்பிலிருந்து ஸ்லக் (முகவரியில் வரும் தலைப்புத் துண்டு) தானாக உருவாக 'ஸ்லக்கிஃபை'யை நம்புகிறவர்கள் கவனியுங்கள். யூனிகோடை அனுமதி என்று சொன்னாலும் அது புள்ளியையும் கொம்பையும் எழுத்தாக எண்ணாது. 'நெல்லை' என்று கொடுத்துப் பாருங்கள், 'நலல' என்று வரும். நம் ஊர்ப் பெயர் அப்படி வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

தம்பி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய முகவரியைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்வார்? சில வருஷத்துக்கு முன்னால் நெல்லை டவுணில் ஒரு குடும்பத்தின் தளத்தைப் புதுப்பித்துக் கொடுத்தேன். முகவரிகளையும் மாற்றினேன். தாத்தாவின் திவசத்தன்று பம்பாயிலிருக்கிற ஆச்சி, வாட்ஸ்அப்பில் பத்திரமாக வைத்திருந்த நினைவுப் பக்க இணைப்பைத் தொட்டிருக்கிறார். பக்கம் இல்லை என்று வந்திருக்கிறது. அழுதுவிட்டாராம். திருநெல்வேலியை டின்னவெல்லி என்று எழுதின காலத்துக் கடிதமும் இந்த ஊருக்குத்தானே வந்து சேர்ந்தது? தளத்தில் அதைச் செய்வது ரீடைரக்ட், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பிவைப்பது. ஜாங்கோவின் 'ரீடைரக்ட் வியூ' சும்மா விட்டால் 302 (தற்காலிக மாற்றம்) தரும், பர்மனென்ட் என்று சொன்னால் 301 (நிரந்தர மாற்றம்). பிரவுசர் 301-ஐ நினைவில் பிடித்துக்கொள்ளும். தப்பாகக் கொடுத்தால் திருத்துவது பாடு. அதனால் முதலில் 302, எல்லா இணைப்பையும் தொட்டுப் பார்த்த பிறகு 301.

சர்வர் லாக்கில் (சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவில்) 404 வரிகளையும் தேடுங்கள் தம்பி. தமிழ் அங்கே தமிழாக இருக்காது. 'நெல்லை' என்ற ஒரு சொல்லே சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக 54 குறிகள் நீளும். ஏதோ குப்பை என்று தாண்டிப் போகாமல் ஒவ்வொன்றையும் தமிழுக்கு மாற்றி எந்தப் பக்கம் என்று பாருங்கள்.