துறைமுக வாயைத் தாண்டும் நேரம்

வணக்கம், நேயர்களே.

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் வீடுகளில் கப்பல் பயணப் பேச்சு வந்துவிடுகிறது. மூன்று இரவு, மொசாம்பிக் பக்கத்தில் போர்ச்சுகீஸ் தீவு வரை போய்த் திரும்புவது. போன கோடையில் என் மகளும் பேத்தியும் என்னையும் அழைத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பயணத்தின் முதல் நாளைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். நீச்சல் குளம், ஆட்டம் பாட்டமெல்லாம் மறுநாளும் இருக்கும். முதல் நாள் மாலை ஒரு முறைதான் வரும். அதைப் பலர் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் பெட்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நெல்சன் மண்டேலா கப்பல் முனையத்துக்குள் போனதும் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை நம் கேபின் வாசலுக்கு வந்து சேர மாலையாகிவிடும். நான் இரத்த அழுத்த மாத்திரையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இரவு எட்டு மணிக்குப் பெட்டி வரும்வரை என் மகள் பட்ட கவலை கொஞ்சமல்ல. மாத்திரை, கண்ணாடி, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி, இவை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். துணி தேய்க்கும் பெட்டி, தண்ணீர் காய்ச்சும் கெட்டில் எல்லாம் வேண்டாம், எடுத்து வைத்துவிடுவார்கள்.

நாங்கள் ஏறியது ஒரு வெள்ளிக்கிழமை. அறுபது வருடமாக வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிப் பழகிய கை என்னுடையது. கப்பலில் விளக்கு, ஊதுபத்தி, சூடம் எதுவும் ஏற்றக்கூடாது. நடுக்கடலில் கப்பலுக்கு நெருப்பைவிடப் பெரிய ஆபத்து கிடையாது, ஆகவே அது நியாயமான விதிதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சரி, மேல்தளத்தில் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய ஊதல், கடைசியில் ஒரு நீண்ட ஊதல். அந்தச் சத்தம் கேட்டால் எந்தப் படிக்கட்டில் இறங்கி எந்த இடத்தில் கூட வேண்டும் என்று காட்டுகிறார்கள். சிலர் இதைத் தொல்லையாக நினைத்து முகம் சுளிக்கிறார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 முதல் கப்பல் புறப்படும் முன்னரோ, புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். என் பேத்தி கூடும் இடத்துக்குப் போகும் படிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். நல்ல பிள்ளை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கப்பல் கயிறு அவிழ்க்கும் நேரத்தில் பஃபே வரிசையில் நிற்காதீர்கள். கேபினில் படுத்திருக்காதீர்கள். மேல்தளத்துக்குப் போங்கள். சோறு எங்கும் ஓடிவிடாது.

அவ்வளவு உயரத்திலிருந்து நம் டர்பனை நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் ஊரும் மோசஸ் மபிடா மைதானத்தின் வெள்ளை வளைவும். உள்ளே மேய்டன் துறையில் சர்க்கரைக் கிடங்குகள். எதிரே பிளஃப் மேடு. அதற்கு இந்தப் பக்கம் சாலிஸ்பரி தீவு.

1969-ல் எனக்குப் பதினெட்டு வயது. இந்தியப் பிள்ளைகள் தனியாகத்தான் படிக்க வேண்டும் என்று நிறவெறிச் சட்டம் சொன்ன காலம். பழைய கடற்படைக் கட்டடங்கள் இருந்த அந்தத் தீவில்தான் எங்களுக்குக் கல்லூரி. காலையில் படகு ஏறிப் போவோம், மாலையில் படகு ஏறி வருவோம். புத்தகத்தைத் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன், உப்புத்தண்ணீர் தெறிக்கும். பெரிய கப்பல்கள் எங்கள் படகைக் கடந்து வெளியே போகும்போது அதில் நிற்பவர்களை அண்ணாந்து பார்ப்போம். ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து அந்தத் தண்ணீரை மேலிருந்து பார்த்தேன். அந்த இடம் இப்போது தீவு மாதிரியே இல்லை, கரையோடு சேர்ந்துவிட்டது. பேத்தியிடம் விரலை நீட்டிக் காட்டினேன். "அங்கேயா ஆயா காலேஜ் போனீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு இதை நான் முன்பே சொல்லியிருக்கிறேன். ஆனால் சொன்னது வேறு, அங்கே நின்று காட்டியது வேறு.

கப்பல் மெல்லத் திரும்பி இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களுக்கு நடுவே நுழைந்தது. துறைமுகத்தின் நெளிவு சுளிவு தெரிந்த பைலட் ஒருவர் அதுவரை மாலுமிகளோடு இருந்து வழி சொல்வார். வெளியே போனதும் இறங்கிவிடுவார். டர்பனில் பைலட்டுகளை ஹெலிகாப்டரில் ஏற்றி இறக்கும் வழக்கமும் உண்டு, கண்ணில் பட்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நம் முன்னோர்கள் வந்து சேர்ந்த துறைமுக வாய் இதுதான், நேயர்களே. சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று இங்கே வந்தது. 1911 வரை மொத்தம் 152,184 பேர் கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அந்த நாளில் இந்த வாயை மணல்திட்டு அடைத்திருந்தது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் கிடக்கும். பயணிகளைக் கூடையில் உட்காரவைத்துச் சிறு படகுக்கு இறக்குவதும் உண்டு. மணலைத் தோண்டித் தோண்டி, 1904-ல்தான் ஆர்மடேல் காசில் என்ற பெரிய தபால் கப்பல் உள்ளே வர முடிந்தது.

என் ஆயாவின் அம்மா அப்படி வந்தவர். கப்பல் பட்டியலில் அவருக்கு ஒரு எண் இருக்கிறது. தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், பிறகு அடையாளம்: இடது புருவத்தின் மேல் தழும்பு. என் கழுத்தில் தொங்கிய கப்பல் அட்டையிலும் ஒரு எண் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கும்பிட்டேன். கரை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. உம்லாங்காவின் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அவர் கடைசியாகப் பார்த்த கரையில் என்ன விளக்கு இருந்ததோ.

வெளிக்கடலில் ஆட்டம் தொடங்கியது. நம் கரையோரம் அகுல்ஹாஸ் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது, கப்பல் வடக்கே போகிறது. தலை சுற்றினால் அறைக்குள் ஒடுங்காமல் அடிவானத்தைப் பாருங்கள். நான் இஞ்சியை மென்றுகொண்டிருந்தேன், கேட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், எங்களுக்கு மரக்கறிதான் வேண்டும் என்று சொன்னோம். இதை டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், முதல் இரவே மறுபடியும் சொல்லுங்கள். பரிமாற வந்த பையன், என் மகள் என்னிடம் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றான். "அம்மா, நீங்க தமிழா?" தூத்துக்குடிப் பிள்ளை. ஒன்பது மாதக் காண்ட்ராக்ட், இன்னும் நான்கு மாதம் பாக்கி. ஊரில் ஒரு வயதுக் குழந்தை. எங்கள் டர்பன் தமிழ் அவனுக்குப் பாதி புரிந்தது, அவன் வேகம் எனக்குப் பாதிதான் புரிந்தது.

"சொந்த ஊரு எது அம்மா?" என்றான். டர்பன் என்றேன். "அதுக்கு முன்னாடி?"

வட ஆற்காடு ஜில்லா என்று தெரியும். கிராமத்தின் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார், "பூண்டகம்" மாதிரி ஏதோ. இத்தனை வருடமாகத் தேடியும் எந்த வரைபடத்திலும் அகப்படவில்லை. பட்டியலில் இருந்தபடியே எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவன் உதட்டுக்குள் படித்துப் பார்த்தான். "பூண்டியா இருக்குமோ? புதுப்பாக்கமோ?" பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"சமையல்கட்டுல ஆரணிக்காரர் ஒருத்தர் இருக்கார் அம்மா. அவர்கிட்ட காட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வணக்கம்.