முதலில் மாற வேண்டியது வினாத்தாள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். உயர்நிலைப் பள்ளிக் கணிதம் காலத்துக்கு ஏற்றபடி மாற, முதலில் கைவைக்க வேண்டியது புத்தகத்திலா, வினாத்தாளிலா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர் "புத்தகம் பழசு" என்று அடித்துச் சொன்னார்.

ஐயா, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் 2019-லேயே மாறிவிட்டது! உள்ளே 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி இருக்கிறது. கியூஆர் கோடு இருக்கிறது, சமன்பாட்டைக் கொடுத்தால் வளைவை வரைந்து காட்டும் ஜியோஜீப்ரா மென்பொருள் இருக்கிறது. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 எக்ஸ் பிளஸ் 3 என்று அதில் போட்டுப் பாருங்கள். வளைவு எக்ஸ் அச்சை 1, 3 என்ற இரண்டு இடங்களில் வெட்டும். கடைசி 3-ஐ 4 ஆக்கினால், ஓர் அலகு மேலே ஏறி, 2-இல் அச்சைத் தொட்டு நிற்கும். 5 ஆக்கினால் அச்சைத் தொடவே தொடாது. அச்சைச் சந்திக்கும் இடங்கள்தான் மூலங்கள். இரண்டு மூலங்கள், சம மூலங்கள், மெய் மூலங்களே இல்லை... மூலங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லும் தன்மைக்காட்டிப் பாடமே கண்முன் நடந்து முடிந்துவிடுகிறது.

சரி, இது எத்தனை வகுப்பறைகளில் நடக்கிறது? ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், வடிவியல் வரைதலுக்கு 8. தேர்ச்சிக்கு 35 போதும் என்றால் இந்த 16 எவ்வளவு பெரிசு! அதனால் மெல்லக் கற்போருக்கு இதே பயிற்சிதான்: அட்டவணை போடு, அளவுத்திட்டத்தை மூலையில் எழுது, புள்ளி வை, வளைவு வரை. கடைசியில் மூலங்களின் தன்மை என்று ஒரு வரி. அதையும் மனப்பாடம் செய்துவிடலாம். அந்த வளைவு ஏன் அங்கே வெட்டியது என்று வினாத்தாள் கேட்பதே இல்லை. கேட்காததை ஆசிரியர் எப்போது நடத்துவார்?

"கேள்வியை மாற்றினால் கிராமத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டருக்கு எங்கே போவார்கள்?" என்கிறது எதிரணி. பின்லாந்தில் 2019 முதல் பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்தையும் கணினியில்தான் எழுதுகிறார்கள்; ஜியோஜீப்ராவுக்கும் அனுமதி உண்டு. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வளைவை வினாத்தாளிலேயே அச்சடித்துக் கொடுத்து, "இதை ஓர் அலகு மேலே நகர்த்தினால் மூலங்கள் என்ன ஆகும், ஏன்?" என்று கேளுங்கள். வரைபடத்துக்கான அந்த 8-இல் 3 மதிப்பெண்ணை இதற்கு ஒதுக்குங்கள். கம்ப்யூட்டரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். உங்கள் ஆசைப்படியே புத்தகத்தை இன்னொரு முறை மாற்றினாலும், தேர்வில் வராத பக்கத்துக்கு எந்தப் பள்ளி பாடவேளை ஒதுக்கும்? நன்றி, வணக்கம்.