மருந்து என்ற ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். வீட்டில் தமிழ், சந்தையில் பாதித் தமிழ் பாதி மலையாளம், அரசு அலுவலகத்தில் முழு மலையாளம் என்று வாழ்வது சித்தூர் தாலுகாவில் எங்களுக்குப் பிறவிப் பழக்கம். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எந்தச் சோதனைச் சாவடி வழியாக வந்தாலும் கொஞ்ச தூரத்துக்குத் தமிழ் கூடவே வரும். அந்தப் பழக்கம் என் தொழிலில் எவ்வளவு பெரிய பொருள் என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

கேரளத்தில் ஓர் அரசு மனநல மருத்துவமனையின் ஃபாரன்சிக் வார்டில் மூத்த உளவியலாளராக இருக்கிறேன். ஒரு குற்றத்தில் சம்பந்தப்பட்டு, மனநோயும் இருப்பவர்களை நீதிமன்றம் இங்கே அனுப்பும். வாசலில் போலீஸ் காவல். உள்ளே வழக்கமான வார்டுதான்: கட்டில், தட்டு, மாத்திரை நேரம். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. நான் எழுதுவதில்லை. ஒரு மனிதர் என்ன நினைத்தார், எதைக் கேட்டார், எதற்குப் பயந்தார் என்பதை வாரக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு எழுதுவது என் வேலை. உண்மையைக் கக்க வைக்கும் ஊசி போடுவோமா என்று கல்யாண வீட்டில்கூடச் சிலர் கேட்கிறார்கள். இல்லை. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனையைச் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இனி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெரியசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், தொழில் எல்லாம் மாற்றியவை. பலரிடம் கண்டதை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிறேன். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி என் கடமை. சட்டம் இல்லாவிட்டாலும் அது கடமைதான்.

பெரியசாமி தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு எல்லை தாண்டி வந்தவர். மலையாளம் தெரியாது. மனைவியைக் கொன்ற வழக்கு. வார்டுக்கு வந்த முதல் இரண்டு வாரக் குறிப்புகளில் இரண்டு வரிகள் திரும்பத் திரும்ப வந்தன. ‘பேச மறுக்கிறார்’ என்பது ஒன்று. ‘மருந்து என்றதும் வன்முறை’ என்பது இன்னொன்று. அந்தக் கோப்பைப் படித்துவிட்டு, ஒத்துழைப்பு இல்லை என்று நானும் கையெழுத்துப் போட்டேன். அது என் தவறு.

ஒரு நாள் காலையில் மாத்திரை நேரத்தில் தற்செயலாக அங்கே நின்றிருந்தேன். செவிலியர் நல்ல பெண், பாசமாகத்தான் பேசினார். “சம்சாரிக்கணம், கேட்டோ?” என்றார். மலையாளத்தில் ‘பேச வேண்டும், சரியா’ என்று பொருள். பெரியசாமி காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய்விட்டார். அவர் காதில் விழுந்தது சம்சாரம் என்ற சொல். தமிழில் சம்சாரம் என்றால் மனைவி. தினமும் காலையில் யாரோ ஒருவர் புன்னகையோடு அவர் மனைவியின் பேச்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது, “மருந்நு கழிக்கணம்.” மருந்து சாப்பிட வேண்டும் என்பதற்கு மலையாளத்தில் இதுதான் சாதாரணப் பேச்சு. ஆனால் நம் ஊர்களில் மருந்து என்ற சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டல்லவா? ‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்று யாராவது சொன்னால் டாக்டர் தந்த மருந்தை நினைப்போமா? சோற்றில் கலந்து வைக்கும் இடுமருந்தைத்தான் நினைப்போம். மலையாளத்தில் அதற்கு வேறு பெயர், கைவிஷம். சேர்த்தலை அருகே திருவிழா மகாதேவர் கோயிலுக்குக் கைவிஷம் நீங்கவென்று இன்றும் ஆட்கள் போகிறார்கள். மனைவி தன் சோற்றில் மருந்து வைக்கிறாள் என்று நம்பித்தான் பெரியசாமி அதைச் செய்தார். அவரிடம் வேளைக்கு வேளை வந்து மருந்து, மருந்து என்றால் அவர் என்ன செய்வார்?

அன்று மாலை நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். “அண்ணே, இது மாத்திரை. தூக்கத்துக்கு மாத்திரை” என்றேன். உறையை அவரையே பிரிக்கச் சொன்னேன். நெடுநேரம் கழித்து அவர் கேட்டது, “நீங்கள் எந்த ஊருங்க?”

இதற்குப் பிறகுதான் மதிப்பீடே தொடங்கியது. இடுமருந்தை நம்புவது மட்டும் நோய் ஆகாது. எங்கள் வீட்டுப் பாட்டியும் நம்பினார். அந்த நம்பிக்கை எங்கே கரை உடைத்தது என்று பார்க்க வேண்டும். குழந்தையின் பாலிலும் இருக்கிறது, சூளைத் தொட்டித் தண்ணீரிலும் இருக்கிறது என்று அது பரவியிருந்தது. ‘இன்று ராத்திரி உன்னை முடித்துவிடுவாள்’ என்று ஆள் இல்லாத இடத்திலிருந்து குரல் கேட்டிருந்தது. நான்கு நாள் அவர் தூங்கவே இல்லை. இதையெல்லாம் ஒருவர் தன் பேச்சில்தான் சொல்ல முடியும். மொழிபெயர்ப்பவர் பாதியை விட்டுவிடுவார், மீதியை நாகரிகமாக்கிவிடுவார்.

சட்டம் கேட்பதும் நுணுக்கமான கேள்வியே. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22ஆம் பிரிவாக இருக்கிறது. அந்தச் செயலைச் செய்த நேரத்தில், அதன் தன்மையோ அது தவறு என்பதோ சட்டத்துக்கு மாறானது என்பதோ தெரிய முடியாத நிலையில் இருந்தாரா என்பது கேள்வி. இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்பது தனிக் கேள்வி. வழக்கு புரிகிறதா, வக்கீலிடம் பேச முடிகிறதா என்பதற்கு அதுதான் வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சியத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் விளக்கச் சட்டம் இருக்கிறது. சிகிச்சை பற்றிய தகவலை நோயாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று மனநலச் சட்டமும் சொல்கிறது. ஆனால் மாத்திரை நேரத்தில், சாப்பாட்டு வரிசையில், இரவு இரண்டு மணிக்கு அவர் அலறி எழும்போது, யாருக்கு அந்த மொழி இருக்கிறது? எல்லை மாவட்டங்களில் ஒவ்வொரு வேளைப் பணியிலும் இரு மொழியும் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இனியும் கேட்பேன்.

வாயடைத்துப் போன ஒரு மனிதரை உலகம் எவ்வளவு எளிதில் மறக்கும் என்பதற்கு அசாமின் மசல் லாலுங் சாட்சி. 1951இல் கைதாகி, மனநோய் என்று தேஜ்பூர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, குணமானார் என்று 1967இல் சான்று கிடைத்த பிறகும் சிறைக்குப் போய், விசாரணையே இல்லாமல் 2005இல்தான் வெளியே வந்தார். 54 ஆண்டுகள்.

நோய் காரணமாகக் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தாலும் அன்றே வீட்டுக்குப் போக முடியாது. பாதுகாப்பான இடத்தில் வைக்கலாம். அல்லது உறவினர் யாராவது பொறுப்பேற்றுப் பிணை தந்தால் அவரிடம் ஒப்படைக்கலாம். அந்த ‘யாராவது’ கிடைப்பதுதான் கஷ்டம். பெரியசாமி கட்டியது சொந்த அத்தை மகளை. கொன்றவர் வீடும் இறந்தவள் வீடும் ஒரே வீடு. சின்னப் பெண் குழந்தையை வளர்ப்பது அந்த அத்தை.

இப்படிப்பட்டவர் மறுபடி செய்வாரா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. வன்முறை அபாயத்தை எடைபோட எச்.சி.ஆர்.-20 என்று ஒரு வழிகாட்டி இருக்கிறது. அதில் 20 கூறுகள்: பத்து கடந்த காலம், ஐந்து இப்போதைய நிலை, ஐந்து இனி வரப்போகும் சூழல். கடந்த காலத்தை மாற்ற முடியாது. கடைசி ஐந்தில்தான் எனக்கு வேலை. எங்கே தங்குவார், மாத்திரையை யார் பார்த்துக்கொள்வார், எந்த அறிகுறி முதலில் தலைகாட்டும்?

அந்த அறிகுறியை என் கோப்பு சொல்லவில்லை. அத்தை சொன்னார். மூன்று முறை கடிதம் போட்டு, நான்காவது முறை போனில் பேசி, ஒரு நாள் வந்தார். வார்டுக்குள் வர மாட்டேன் என்றார். என் அறையிலும் உட்காரவில்லை. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு பேசினார். “காக்கைக்குச் சோறு வைப்பான் சார். வைத்துவிட்டு, அது தின்று பறந்து போகும் வரை பார்த்துக்கொண்டே நிற்பான். பக்தி என்று நினைத்தோம். எங்கள் பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள்.”

காக்கை சாகிறதா என்று பார்த்திருக்கிறார். இரண்டு மாதம், தினமும், வீட்டார் கண்ணெதிரே.

எனக்குப் பேச்சு வரவில்லை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவனை வீட்டில் சேர்க்க மாட்டேன், அதை மட்டும் கேட்காதீர்கள் என்றார். நான் கேட்கவில்லை. பெரியசாமியின் அண்ணன் பக்கத்து ஊரில் இருக்கிறார், அவர் யோசிக்கிறார் என்று மட்டும் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். பாதிப் படியில் நின்று திரும்பினார்.

“பக்கத்து ஊர் என்றால் என் கண்ணில் படுவான். அப்போது காக்கைக்கு வைத்துவிட்டு நின்றான் என்றால், நான் யாரிடம் சார் சொல்ல வேண்டும்?”

மேசை நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் எண்களைப் பெரிதாக எழுதினேன்: வார்டு போன் எண், அவர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல மருத்துவர் வரும் கிழமை, அதன் கீழே தமிழில் பேசக்கூடிய அரசின் இலவச மனநல உதவி எண் 14416. தாளை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, பாலக்காட்டு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்.