மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்

(டிசம்பர் 11, உலக மலைகள் நாளன்று எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் பேசியது. மழையால் வர முடியாதவர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். பேசினபடியே தருகிறேன்.)

அவைத்தலைவர் அவர்களே, ஒரு மாதமாக என்னை விரட்டி விரட்டித் தேதி வாங்கிய நூலகர் அம்மா அவர்களே, பள்ளிக்கூடத்தில் ஆயிரம் வேலை இருந்தும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே (கிளம்பிவிட்டாராம், வந்ததும் இன்னொரு தடவை சொல்லிக்கொள்கிறேன்), நாற்காலியெல்லாம் இலவசமாகக் கொடுத்த பந்தல்காரர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம் என்றுதான் சொன்னேன், போட்டுவிட்டார்கள். மார்கழி வரப்போகிறது, இருக்கட்டும்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். மலைக்குப் பெயர் வைத்தது யார், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், உயரத்தை எப்படி அளந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு பழமொழி: மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும். என் மச்சான் மூன்றாவது வரிசையில் இருக்கிறார், அவருக்காகச் சொல்லவில்லை.

எவரெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1802-இல் லாம்டன் என்பவர் நம்ம சென்னைப் பரங்கிமலைப் பக்கம் தரையில் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். அந்த அளவை நாடு முழுக்க முக்கோணம் முக்கோணமாக நகர்ந்து இமயமலை வரை போனது. அங்கே தூரத்தில் தெரிந்த சிகரங்களுக்கு எண் போட்டார்கள். அதில் பதினைந்தாம் எண் சிகரம்தான் எல்லாவற்றிலும் உயரம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் ராதாநாத் சிக்தர், வங்காளத்துக்காரர். 1856-இல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். கணக்கு சிக்தருடையது, பெயர் யாருடையது? அப்போது சர்வேயர் ஜெனரலாக, அதாவது நாட்டின் நில அளவைக்குத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ வா, தனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பெயரை வைத்தார். உள்ளூர்ப் பெயர் கிடைக்கவில்லை என்று ஒரு காரணம் சொன்னார். திபெத்தியர்கள் சோமோலுங்மா என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், 1733-இல் பாரிசில் போட்ட வரைபடத்திலேயே அந்தப் பெயர் இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், என் பெயர் உள்ளூர்க்காரர்கள் வாயில் நுழையாது என்று எவரெஸ்டே ஆட்சேபித்தார். கேட்பார் இல்லை, 1865-இல் அதுவே உறுதியாகிவிட்டது. அந்த மனிதர் தன் பெயரை ஈவ்ரெஸ்ட் என்றுதான் சொல்வாராம், ஆகவே இன்றைக்கு நாம் சொல்வது அவர் பெயரும் இல்லை, மலையின் பெயரும் இல்லை! நேபாளம் சாகர்மாதா என்று வைத்ததெல்லாம் 1960-களில்தான்.

அலாஸ்காவுக்குப் போவோம். 6,190 மீட்டர் மலை, அந்த மண்ணின் மக்கள் தெனாலி என்பார்கள், உயர்ந்தது என்று அர்த்தம். (நம்ம ஊர்த் தெனாலி இல்லை, சிரிக்காதீர்கள்.) 1896-இல் தங்கம் தேடிப் போன ஒருவர், அப்போது அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மெக்கின்லி பெயரை அதற்கு வைத்தார். மெக்கின்லி வாழ்நாளில் அலாஸ்காவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அலாஸ்கா 1975-இலேயே பழைய பெயரைக் கேட்டது, 2015-இல் கிடைத்தது, 2025 ஜனவரியில் மறுபடி மெக்கின்லி ஆக்கிவிட்டார்கள். மலை அப்படியேதான் நிற்கிறது, மச்சான்தான் மாறிக்கொண்டே இருக்கிறார். ஆஸ்திரேலியாவில் உலுரு, 1873-இல் அரசியல் தலைவர் ஒருவர் பெயரால் ஏயர்ஸ் பாறை ஆனது. 1993-இல் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதினார்கள், 2002-இல் உலுரு முன்னால் வந்தது.

அர்த்தம் என்று பார்த்தால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பிரான்சில் மோன் பிளாங்க், நேபாளத்தில் தவளகிரி, ஹவாயில் மௌனா கியா, மூன்றும் வெள்ளை மலை. பார்த்தவன் பார்த்ததைச் சொன்னான்.

ஆ, தலைவர் வந்துவிட்டார். ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வணக்கம். சரியான நேரத்தில் வந்தீர்கள், இனிமேல்தான் உங்களுக்கான பகுதி.

போன ஆடி மாதம் நானும் மச்சானும் வண்டியில் மேற்கே போனோம். குவாரி லாரி போகிற தடத்தில் பஞ்சர். மச்சான் வண்டியைத் தள்ளுகிறார், நான் பின்னால் தார்மிகமாக ஆதரவு கொடுத்துக்கொண்டு நடக்கிறேன். எதிரே ஒரு மலை, பாதி வெட்டின கேக் மாதிரி. டீக்கடையில் இருந்த பையனிடம், "தம்பி, இந்த மலைக்குப் பேர் என்ன?" என்று கேட்டேன். "குவாரி மலைண்ணே" என்றான். பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டிக்கு வந்ததே கோபம். உரலைக் கீழே வைத்துவிட்டு, "உன் அப்பனுக்கு வச்ச பேரு இருக்குதில்ல, மலைக்கு இருக்காதா?" என்று பிடித்துக்கொண்டார். முழு மலைக்குப் பெயர் படுத்தமாட்டு மலை. திமில் மாதிரி இருக்கிற உச்சி திமில்பாறை. ஆடு தண்ணீர் குடிக்கிற இடம் குருவிச்சுனை. சரிவு வழுக்குப்பாறை, அதில் வழுக்கி விழுந்தவர்கள் யார் யார் என்று தனியாக ஒரு பட்டியல், அதில் அவர் வீட்டுக்காரரும் உண்டு, ஆறு மாசம் கட்டுப் போட்டுக் கிடந்தாராம். "திமில் போயிடுச்சு சாமி. சுனை போன வருசம் போச்சு" என்றார். மச்சான் அதற்குள் பஞ்சர் ஒட்டுகிறவரைக் கூட்டி வந்துவிட்டார், நான் கிளம்புவதாக இல்லை. அவருக்கு இன்றைக்கும் அதில் வருத்தம்.

அந்த மலையைப் பற்றி ஒரு அலுவலகத்தில் போய் விசாரித்தேன், எந்த அலுவலகம் என்று வேண்டாம். "பேரெல்லாம் இல்லைங்க, சர்வே நம்பர் சொல்லுங்க" என்றார்கள். நம்பரைத் தேடிக் கொடுத்தேன். பதிவேட்டில் அதற்கு நேரே ஒரே வார்த்தைதான் இருந்தது: கல்லாங்குத்து. கல்லும் பாறையுமான தரிசு என்று அர்த்தம். பதினைந்தாம் எண் சிகரத்துக்காவது ஒரு மச்சான் கிடைத்தார். இதற்கு அதுவும் இல்லை. நம்பரை ஏலம் விடுவது சுலபம் ஐயா. அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் என்று வந்தபோது அந்த ஊர்க்காரர்கள் கழிஞ்ச மலை, தேன்கூட்டு மலை என்று பெயர் சொல்லி நின்றார்கள், 2025 ஜனவரியில் ஏலமே ரத்தானது. பெயர் மட்டும் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன், அத்தனை சனம் திரண்டது, 2022-இலேயே அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் பெயரே தெரியாத மலைக்காக யார் கூடுவார்கள்?

உயரம் அளந்த கதை பாக்கி, அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எவரெஸ்டுக்கு இப்போதைய கணக்கு 8,848.86 மீட்டர், அதோடு விட்டுவிடுகிறேன்.

தலைவர் அவர்களே, வருகிற ஜனவரி 26 கிராம சபையில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். நம்ம ஊராட்சி எல்லையில் உள்ள ஒவ்வொரு மலை, கரடு, பாறை, சுனைக்கும் ஊர் சொல்கிற பெயர் ஊராட்சிப் பதிவேட்டில் ஏற வேண்டும். மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று சொன்னேனே, எங்களுக்கு மச்சான் நீங்கள்தான். தலையாட்டிவிட்டீர்கள், இத்தனை பேர் சாட்சி.

நூலகர் அம்மா மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்தப் பாட்டி சொன்ன நாலு பெயரையும் எழுதிவிட்டேன். மற்ற பக்கமெல்லாம் உங்களுக்கு. வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வந்து எழுதுங்கள். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.