பத்து வருஷமா விழாத நம்பர் இந்த வாரம் விழுமா?

"தம்பி, இது என் பழைய கார் நம்பர். பத்து வருஷமா முதல் பரிசு விழல. இனி விழுந்துதானே ஆகணும்!"

சிங்கப்பூர் தேக்காவுல ஒரு காப்பிக்கடை. பக்கத்து மேசை அண்ணன் சொன்னது இது. ஃபோர் டி, அதான் நாலு இலக்க நம்பருக்குப் பரிசு விழுற லாட்டரி, வாங்குற நம்ம ஆளுங்க நிறையப் பேர் இதை மனசார நம்புறாங்க. விழுந்துதான் ஆகணுமா? கணக்குப் போட்டே பாத்துரலாம்.

முதல்ல பாடப்பகுதி, சட்டுனு. சம வாய்ப்புள்ள முடிவுகள்ல நமக்கு வேண்டியது எத்தனை, மொத்தம் எத்தனை, வகுத்தா நிகழ்தகவு. ஃபோர் டியில 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். முதல் பரிசுக்கு 1/10,000. ஸ்டார்ட்டர், கன்சோலேஷன்னு இருக்குற சின்னப் பரிசுகளையும் சேத்து 23 பரிசு. ஏதாவது ஒண்ணு விழ 23/10,000, அதாவது 0.0023.

ரிலேட்டிவ் ஃப்ரீக்வென்சி வேற. நடந்து முடிஞ்சதை எண்ணுறது அது. ஒரு வெள்ளிக் காசை 20 தடவை சுண்டுறீங்க, சிங்கத்தலை மீன், அதான் மெர்லயன், இருக்குற பக்கம் 13 தடவை விழுது. 13/20 = 0.65. நிகழ்தகவு என்னவோ 0.5தான். அப்போ கூடுதலா விழுந்த 3 தடவையைக் காசு பின்னாடி சரிக்கட்டுமா?

இங்கதான் எனக்கு உயிரான கதை வருது. ஜான் கெரிச், தென்னாப்பிரிக்காவுல கணிதம் கற்பிச்சவர். 1940 ஏப்ரல்ல அவர் டென்மார்க் போயிருந்த நேரம், ஜெர்மன் படை உள்ள வந்துருச்சு. அவரை முகாம்ல அடைச்சுட்டாங்க. அங்க இருந்த காலத்துல ஒரு காசை 10,000 தடவை சுண்டிக் கணக்கு வச்சாங்க! பத்தாயிரம்!

[திரையில்: 100 தடவையில் தலை 44. 10,000 தடவையில் தலை 5,067.]

நிறுத்தி, நல்லாப் பாருங்க. 100ல பாதிக்கு 6 குறைவு. 10,000ல பாதிக்கு 67 அதிகம். வித்தியாசம் கூடிப்போச்சு! ஆனா விகிதம்? 0.44 இருந்தது 0.5067 ஆயிடுச்சு. சரிக்கட்டி வரல. பெரிய எண்ணால வகுக்கும்போது 67கூடச் சுண்டைக்காய் ஆயிடுது, அவ்வளவுதான். காசு யாருக்கும் பாக்கி வைக்கிறதில்ல, தீர்க்குறதும் இல்ல. பாடப்புத்தகத்துல இந்த அட்டவணைக்கு ஒரு முழுப்பக்கம் கொடுக்கணும்னு நான் சொல்வேன்.

இப்ப அண்ணன்கிட்ட வருவோம். வாரம் மூணு குலுக்கல், வருஷத்துக்கு 156. பத்தாயிரம் குலுக்கல் முடிய 64 வருஷம் ஆகும். அப்பவும் அவர் நம்பருக்கு முதல் பரிசு ஒரு தடவைகூட விழாம இருக்க என்ன வாய்ப்பு? 9,999/10,000ஐ அதாலேயே பெருக்கிக்கிட்டே போங்க, மொத்தம் பத்தாயிரம் தடவை. கிட்டத்தட்ட 0.37! அண்ணே, பத்து வருஷமெல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல. அடுத்த குலுக்கல்லயும் அதே 1/10,000தான்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஒரு கணக்கு. பையில 20 கோலி. ஒண்ணை எடுத்து, நிறம் பாத்து, திரும்பப் போட்டுக் குலுக்கணும். இப்படி 50 தடவை எடுத்ததுல 30 தடவை சிவப்பு. பையில சிவப்புக் கோலி ஏறக்குறைய எத்தனை? கமெண்ட்ல போடுங்க. வழியையும் எழுதணும், வெறும் விடைக்கு மார்க் கிடையாது!