பிள்ளைகள் உங்களைக் கேட்டால்

அன்புள்ள ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, பெற்றோரே,

ஐந்து வயதில் நான் கற்றுக்கொண்ட முதல் ஜெபத்திலேயே, இயேசு கற்பித்த கர்த்தருடைய ஜெபத்திலேயே, எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்று வீட்டில் எல்லாரும் கண்களை மூடிக்கொண்டு சொல்வார்கள். தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஊரில் நாமம் என்றால் பெருமாள் கோவில் பட்டரின் நெற்றியில் இருப்பதுதான். ஆகவே பரலோகத்திலுள்ள பிதாவும் நாமம் தரித்திருக்கிறார் என்றும், அது அழியாமல் இருக்க வேண்டும் என்றுதான் நாம் தினமும் ஜெபிக்கிறோம் என்றும் நான் முழு மனத்தோடு நம்பியிருந்தேன். ஒருநாள் அதை அம்மாவிடம் சொன்னபோது அவர் திடுக்கிட்டு, "அப்படியெல்லாம் பேசக் கூடாது, பாவம்" என்றார். நாமம் என்றால் பெயர் என்று அவர் சொல்லியிருந்தால் அந்தச் சந்தேகம் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அதற்குப் பதிலாக, கேட்பது பாவம் என்ற பாடம் அன்று என் மனத்தில் பதிந்தது. அதிலிருந்து விடுபட எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

நாம் இன்றும் பெரும்பாலும் வாசிக்கும் தமிழ் வேதாகமம் 1871இல் ஹென்றி பவரின் தலைமையில் உருவானது. அதன் நடைமீது எனக்கு ஆழ்ந்த பற்று உண்டு. என் துக்கங்களில் எல்லாம் அந்த நடையிலேதான் ஜெபித்திருக்கிறேன். ஆனால் நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய அந்தத் தமிழைத் தெருவில் பேசும் தமிழின் பொருளில் ஒரு பிள்ளை புரிந்துகொள்ளும்போது, அதை அவிசுவாசம் என்று எண்ணுவது பெருந்தவறு. அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. சில வேளைகளில் பிள்ளையின் புரிதலே மூலத்துக்கு நெருக்கமாக இருந்துவிடுகிறது.

அதே ஜெபத்தில், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று வருகிறதல்லவா? எங்கள் தெருமுனையில் இருந்த அண்ணாச்சி கடையில் ஒரு பற்று நோட்டு உண்டு. கடன் என்றால் எனக்கு அந்த நோட்டுதான். அப்பா ஒரு பனையேறிக்குக் கைமாற்றாகக் கொடுத்திருந்த பணத்தைக் கேட்டு ஆள் அனுப்பிய அதே மாலையில், குடும்ப ஜெபத்தில் அந்த வரியையும் சொன்னார். "அந்த மாமாவுக்கு மன்னித்துவிட்டீர்களா?" என்று கேட்டேன். இங்கே கடன் என்பது பாவத்தைக் குறிக்கும், பணத்தை அல்ல என்று அப்பா விளக்கினார். பல ஆண்டுகள் கழித்தே எனக்கு முழு விவரமும் தெரிந்தது. மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு நேர்பொருள் கடன்தான். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியது. ஏழாம் வருஷத்தின் முடிவில் கடன்களை விட்டுவிட வேண்டும் என்று உபாகமம் 15ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இந்த இடத்தில் கடன் என்ற சொல்லே இல்லை, குற்றம் என்றுதான் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் காரணத்தோடுதான் செய்தார்கள் என்பதை நான் அறிவேன். ஆனாலும் பற்று நோட்டை நினைத்துக்கொண்டு அந்த வரியைச் சொல்லும் பிள்ளையிடமிருந்து ஒரு கேள்வி பறிபோய்விட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இனி, சொல்லுவதற்குச் சற்றுக் கடினமான ஒன்றுக்கு வருகிறேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும். விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு பிரசங்கியார், இயேசு வந்து தம்முடையவர்களைத் திடீரென்று எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்னும் இரகசிய வருகையைப் பற்றி மூன்று நாள் பேசினார். "இரண்டு ஸ்திரீகள் எந்திரம் அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுவாள், ஒருத்தி கைவிடப்படுவாள்" என்ற வசனத்தை அவர் சொன்னபோது, திருகையின் ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் நானும் உட்கார்ந்திருப்பது என் கண்முன் வந்தது. கைவிடப்படுகிறவள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வாரம்தான் அண்ணனின் பென்சிலை எடுத்து ஒளித்து வைத்திருந்தேன்.

சில நாள் கழித்து ஒரு மாலை பள்ளி விட்டு வந்தேன். கதவு திறந்து கிடந்தது, உலை கொதித்துக்கொண்டிருந்தது, வீட்டில் யாரையும் காணவில்லை. அம்மா பின்தெருவில் ஒரு பிரசவத்துக்கு உதவப் போயிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வருகை வந்துவிட்டது, எல்லாரும் போய்விட்டார்கள், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று நம்பினேன். பிரசங்கியார் சொன்ன ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது: பாவம் அறியாத குழந்தைகள் எல்லாரும் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். பக்கத்து வீட்டு அத்தையின் கைக்குழந்தை இருக்கிறதா என்று பார்க்க ஓடினேன். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. என் மூச்சு திரும்பி வந்தது. ஆனால் அடுத்த கணமே இன்னொரு நினைவு வந்து அந்த ஆறுதலைப் பறித்துக்கொண்டது. அத்தை வீட்டார் சுடலைமாடனைக் கும்பிடுகிறவர்கள். அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. எடுத்துக்கொள்ளப்பட வேண்டிய குழந்தைகளின் கணக்கில் அது இல்லையென்றால், அது தொட்டிலில் கிடப்பது எதற்குச் சாட்சி? அம்மா வரும்வரை அந்தத் தொட்டிலின் அருகே நின்று அழுதேன். எனக்காகத் தொடங்கிய அழுகை, எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை, அந்தக் குழந்தைக்கான அழுகையாக மாறியிருந்தது.

சபையார் இரகசியமாக முதலில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், உபத்திரவம் பிறகு வரும் என்ற போதனை 1830களில் பிரித்தானியாவில் ஜான் நெல்சன் டார்பியின் வழியாகப் பரவத் தொடங்கி, 1909இல் ஸ்கோஃபீல்டு வெளியிட்ட குறிப்புரை வேதாகமத்தால் உலகெங்கும் சென்றது. நாம் ஆலயத்தில் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணம் கிறிஸ்து மகிமையோடே திரும்பவும் வருவார் என்று அறிக்கையிடுகிறதே தவிர, இந்த அட்டவணையை அறியாது. அந்தப் போதனையை ஏற்கிறவர்களோடு வாதிட நான் இங்கே வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முன்னால் அதை வைக்கிறவர், கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லும் கடமை உள்ளவர் என்று மட்டும் சொல்கிறேன். பரிசுத்த ஆவிக்கு விரோதமான, மன்னிக்கப்படாத பாவத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்தப் பாவத்தைத் தெரியாமல் செய்துவிட்டோமோ என்று இரவில் விழித்துக் கிடக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

தொட்டில் குழந்தையைப் பற்றிய கேள்வியைச் சுமந்துகொண்டு நான் பலரிடம் போனேன். அது எனக்கு மட்டும் வந்த கேள்வி அல்ல. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, அது மிக இலேசானதாயிருக்கும் என்று 5ஆம் நூற்றாண்டில் அகஸ்டின் எழுதினார். அதைத் தாங்க முடியாத இடைக்காலத்து அறிஞர்கள் துன்பமும் தேவனுடைய தரிசனமும் இல்லாத ஓர் எல்லைவெளியை அவர்களுக்கென்று கருதினார்கள். 2007இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பன்னாட்டு இறையியல் குழு, அத்தகைய குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்ள உறுதியான காரணங்கள் உண்டு என்று கூறியது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகப் பெரியவர்கள் தூக்கமிழந்து யோசித்த ஒன்றைக் கேட்ட பிள்ளையிடம், எனக்கு வாய்த்த பெரும்பாலானவர்கள் சொன்ன பதில், "வசனத்தை மனப்பாடம் பண்ணு" என்பதே.

ஒருவர் மட்டும் வேறுவிதமாக நடந்துகொண்டார். எங்கள் ஊர் உபதேசியார், வயதானவர், அதிகம் படித்தவர் அல்லர். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முந்திய நாள் கோவிலைப் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். அவர் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "எனக்கும் தெரியாது பிள்ளே. நானும் இதை ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். பிறகு ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தை எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார். இத்தனை நீதிமான்கள் இருந்தால் சோதோம் ஊரை அழிக்காதிருப்பீரா என்று, ஐம்பதிலிருந்து பத்து வரை இறங்கி வந்து ஆபிரகாம் தேவனிடம் மன்றாடும் பகுதி அது. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்ற இடத்தில் நிறுத்தி, "இதுவும் கேள்விதானே?" என்றார்.

அந்த மாலையில்தான் எனக்கு விசுவாசம் வந்தது என்று சொன்னால் அது மிகையன்று. பதில் கிடைத்ததால் அல்ல. கேட்கிற இடத்தில் எனக்கு முன்பே ஆபிரகாம் நின்றிருந்தார் என்பதைக் கண்டதால். நான்கு அதிகாரம் தள்ளி, ஏதோ ஒரு ஊருக்காக அவ்வளவு பேசியவர், தன் சொந்த மகனைப் பலியிடும்படி தேவன் சொன்னபோது ஏன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்ற சந்தேகம் அடுத்த ஆண்டே வந்தது. அதற்கு எத்தனையோ விளக்கங்கள் வாசித்துவிட்டேன். எதுவும் என்னை முழுதும் தேற்றவில்லை.

ஆசிரியர்களே, தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. வேதத்தைத் தானே வாசிக்கக் கற்ற பிள்ளை வேதத்தைக் கேள்வி கேட்கத்தானே செய்யும்? எகிப்திலிருந்து விடுதலையான இரவை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையைக் கட்டளையிடும் இடத்திலேயே, "இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் உங்களைக் கேட்டால்" என்று யாத்திராகமம் பிள்ளையின் கேள்விக்கு இடம் ஒதுக்கிவிடுகிறது. யூதர் வீடுகளில் இன்றும் அந்த இரவில் விடுதலையின் கதை சிறுபிள்ளையின் கேள்விகளோடுதான் தொடங்குகிறது. பன்னிரண்டு வயது இயேசுவைத் தேவாலயத்தில் கண்டபோது அவர் போதகர்களின் நடுவில் உட்கார்ந்து, கேட்கவும் வினாவவும் செய்துகொண்டிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான்: அடுத்த ஞாயிறு பாடம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், பிள்ளைகள் கேட்கட்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அதைச் சொல்லும்போது நின்றுகொண்டு சொல்லாமல் உட்கார்ந்து சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அத்தை சில ஆண்டுகளுக்கு முன் காலமானார்கள். அன்று தொட்டிலில் தூங்கிய குழந்தை, இப்போது தலை நரைத்த மனிதர், "அக்கா, நீங்களும் அம்மாவுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்க" என்று கேட்டார். வேறு எதுவும் வாயில் வராமல், "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினேன். தமிழில் 'நம்' என்றால் கேட்பவரும் அதில் அடக்கம். 'எங்கள்' என்றால் கேட்பவர் அதற்கு வெளியே. சிறுவயதில் அந்த 'எங்கள்' என்பதை எங்கள் சபையார் என்றுதான் கேட்டிருந்தேன். ஆனால் அந்த ஜெபத்தைக் கேட்பவர் தேவன் ஒருவரே. அத்தையின் கால்மாட்டில் நின்று அதைச் சொல்லும்போது, தேவன் ஒருவர் நீங்கலாக அந்த 'எங்கள்' யாரையெல்லாம் தன்னுள் அடக்கும் என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.